ஐம்பது வயது ஷெவி பிக்கப்புக்கு எந்த வயரிங் வாங்குவது?

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியிருக்கிறேன். என்னிடம் 1970-ஆம் வருட ஷெவர்லே சி10 பிக்கப் ஒன்று இருக்கிறது. 350 வி8 இன்ஜின், பின்னால் சாமான் ஏற்றும் நீளத் தொட்டி. வாங்கி ஆறு வருடமாகிறது. பிரேக், கார்ப்பரேட்டர், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். வயரிங்கை மட்டும் தொடவில்லை. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, அது போதும் என்று விட்டிருந்தேன்.

போன அக்டோபரில் ஓர் இரவு, ஊருக்கு வெளியே இருட்டு ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். டேஷ்போர்டு விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. அப்புறம் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து நூல் மாதிரி புகை எழும்பியது. வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றும் வரை மனதில் இருந்தது ஒன்றுதான். இந்த மாடலில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. சுமார் 20 கேலன் பிடிக்கும். 1973-இல் வந்த அடுத்த மாடலில்தான் அதை வெளியே, சேசிஸ் பக்கம் கொண்டுபோனார்கள்.

மறுநாள் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்க் லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் போகும் பிரவுன் வயர் ஒரு ஜாண் நீளத்துக்கு உருகி, பக்கத்திலிருந்த ஆரஞ்சு வயரோடு ஒட்டிப்போயிருந்தது. வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. எப்போதோ யாரோ டிரெய்லர் இழுப்பதற்காக, டெயில் லைட் வயரில் நீல நிறக் கடிப்பு கனெக்டர் போட்டு இன்னொரு வயரை இழுத்திருக்கிறார்கள். அது சேசிஸுக்கும் தொட்டிக்கும் நடுவில் நசுங்கி, மேல்தோல் போய், இரும்பைத் தொட்டிருக்கிறது. அப்படியானால் ஃபியூஸ் போயிருக்க வேண்டுமே? கழற்றிப் பார்த்தேன். கண்ணாடி ஃபியூஸைச் சுற்றி வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. ஃபியூஸ் போகவில்லை, வயர் போய்விட்டது.

அந்த ஒரு வயரை மட்டும் மாற்றிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) பக்கத்தில் நல்லதாகத் தெரிந்த இன்னொரு வயரை விரலால் லேசாக வளைத்தேன். மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது.

நாமக்கல்லில் என் தாய்மாமா நாற்பது வருடம் லாரிகளுக்கு வயரிங் செய்தவர். வீடியோ காலில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, இது ஒட்டுப்போடற கட்டத்தைத் தாண்டிருச்சு. மொத்தமா மாத்திரு. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி வண்டியில என்னென்ன இருக்குன்னு ஒரு நோட்டுல எழுது. கம்பெனி என்ன கொடுத்துச்சுங்கறது இல்ல, இன்னைக்கு என்ன இருக்குங்கறது."

அவர் பேச்சை அன்றே கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரமே, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற மலிவான யுனிவர்சல் கிட் ஒன்றை வரவழைத்துவிட்டேன். பெட்டியைப் பிரித்தால் எல்லா வயரும் தாராளமான நீளத்தில் இருந்தன, ஆனால் எந்த முனையிலும் என் வண்டிக்கான கனெக்டர் கிடையாது. ஹெட்லைட் சுவிட்ச், காலால் அழுத்தும் டிம்மர் சுவிட்ச், மீட்டர் போர்டுக்குப் பின்னால் சொருகும் பிளக் எல்லாவற்றையும் பழைய ஹார்னஸிலிருந்து, அதாவது வண்டி முழுக்க ஓடும் வயர்க் கட்டிலிருந்து, வெட்டி ஒட்ட வேண்டும். அதாவது, எந்த ஐம்பது வருடப் பிளக்குகள் வேண்டாம் என்று புதிது வாங்கினேனோ, அதே பிளக்குகளோடு புது வயரைச் சேர்க்க வேண்டும். வயரும் சாதாரண பிவிசி. அமெரிக்காவில் ஜிபிடி என்று சொல்கிற வகை, 80 டிகிரி செல்சியஸ் சொச்சம்தான் தாங்கும். ஜிஎக்ஸ்எல், டிஎக்ஸ்எல் என்று அச்சிட்டு வருகிற கிராஸ்லிங்க் பாலிஎதிலீன் வயர் 125 டிகிரி வரை தாங்கும். இன்ஜினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே போகிற வயருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஒரு துண்டை வெட்டி, சால்டரிங் அயர்னை ஓரமாகத் தொட்டுப் பார்த்தேன். தோல் மெழுகு மாதிரி வழிந்து விலகியது. மீதியை மூடி வைத்துவிட்டேன். யுனிவர்சல் கிட் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாமல் புதிதாகக் கட்டுகிற ஹாட் ராடுக்கு (வேகத்துக்காக மாற்றிக் கட்டும் பழைய கார்) அது சரி. ஒரிஜினல் டேஷ்போர்டு இருக்கிற பிக்கப்புக்கு அது மிச்சப்படுத்துகிற காசை உங்கள் சனிக்கிழமைகள் கொடுத்துத் தீர்க்கும்.

அப்புறம்தான் நோட்டை எடுத்தேன். இரண்டு வார இறுதி ஆனது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தேர்வு முழுக்க இதில்தான் இருக்கிறது.

முதலில் ஆல்டர்னேட்டர், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது. 1972 வரை இந்தப் பிக்கப்புகளில் அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தனியாக, ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டில் இருக்கும். என் வண்டியிலும் அந்தப் பெட்டி இருந்தது. ஆனால் அதன் சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு துண்டு வயரைச் சொருகி நேராக்கியிருந்தார்கள். ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டரை உள்ளேயே வைத்திருக்கும் 10எஸ்ஐ வகை. அதில் 1, 2 என்று இரண்டு சின்ன முனைகள் உண்டு. 2-ஆம் முனைதான் வோல்டேஜைப் பார்த்து, இன்னும் தேவையா போதுமா என்று ரெகுலேட்டருக்குச் சொல்கிறது. ஷெவர்லே ஒழுங்காகச் செய்த வண்டிகளில் இந்த வயர், எல்லா விளக்குக்கும் மின்சாரம் பிரிகிற ஜங்ஷன் வரைக்கும் போகும். வழியில் எவ்வளவு இழந்தாலும் ஜங்ஷனில் சரியான வோல்டேஜ் நிற்கும். என் வண்டியில் அதை ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வளைத்துக் கட்டியிருந்தார்கள். அதனால் ஆல்டர்னேட்டரில் 14.2 காட்டும், ஹெட்லைட் பிளக்கில் 10.9தான் இருக்கும். ஆறு வருடமாக விளக்கு மஞ்சளாக எரிந்தது இதனால்தான். நான் பல்பைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறியைப் பிரித்து அனுப்புவது. 1970-இல் அதற்குள் பாயிண்ட் செட், அதாவது திறந்து மூடும் சின்னச் சுவிட்ச். அதற்காக ஜெனரல் மோட்டார்ஸ், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் வழியில் சாதாரண வயருக்குப் பதிலாக ரெசிஸ்டன்ஸ் வயர் போட்டிருக்கும். முழு 12 வோல்ட் போனால் பாயிண்ட் சீக்கிரம் கருகிவிடும் என்பதால். என் வண்டியில் யாரோ எழுபதுகளின் நடுவில் வந்த, பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் வகையான ஹெச்இஐ டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டியிருந்தார்கள். அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். மாட்டியவர் பழைய வயரிலேயே இணைத்துவிட்டுப் போயிருந்தார். இன்ஜின் ஓடும்போது அளந்தால் 9 வோல்ட் சொச்சம். வேகமாகப் போகும்போது வண்டி விக்கியதற்கு கார்ப்பரேட்டரை மூன்று முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். நீங்கள் ஹெச்இஐ வைத்திருந்து, ஒரிஜினல் மாதிரியே செய்த ஹார்னஸ் வாங்கினால், அந்த ரெசிஸ்டன்ஸ் வயரும் புத்தம் புதிதாக வந்து சேரும். ஹெச்இஐக்கு என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது மீட்டர் போர்டு. இதில்தான் நிறையப் பேர் தவறான பெட்டியை வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். இந்த மாடலில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சூடு ஏறினாலோ ஆயில் பிரஷர் இறங்கினாலோ சிவப்பு விளக்கு எரியும். இன்னொன்றில் முள் காட்டும் மீட்டர்கள். வெளியே பார்த்தால் ஒரே சட்டம், பின்னால் இருக்கும் பிரிண்டட் சர்க்யூட் வேறு, பிளக்கில் வயர் நிற்கும் இடமும் வேறு. விளக்கு வண்டியில் இன்ஜினில் இருப்பது வெறும் சுவிட்ச், மீட்டர் வண்டியில் இருப்பது சூட்டுக்குத் தக்கபடி ரெசிஸ்டன்ஸ் மாறும் சென்சர். மீட்டர் வகையில் ஆயில் பிரஷருக்கு வயரே கிடையாது, மெல்லிய குழாயில் ஆயிலே மீட்டர் வரை வரும். என்னுடையது விளக்கு வண்டியாகப் பிறந்து, பின்னால் மீட்டர் வண்டியாக மாறியது. வண்டியின் பிறப்புச் சான்றைப் பார்த்து ஆர்டர் செய்திருந்தால் தப்பாகியிருக்கும். அம்மீட்டரை வைத்துக்கொள்வதா, வோல்ட்மீட்டருக்கு மாறுவதா என்பதையும் வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நவீனப்படுத்திய கிட்களில் அம்மீட்டருக்கு இடமில்லாதவை உண்டு.

வருடமும் முக்கியம். 1967 முதல் 1972 வரை ஒரே உடம்பு என்று பேசிக்கொள்வோம். ஆனால் பக்கவாட்டு மார்க்கர் விளக்கு 1968 மாடலில்தான் வந்தது. 1967 வண்டியின் முன் விளக்கு ஹார்னஸில் அந்த வயர்கள் இருக்காது. "67-72" என்று மொத்தமாகப் போட்டு விற்றால் எந்தெந்த வருடத்துக்கு என்னென்ன மாறுகிறது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அந்தக் கடையில் வாங்கலாம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இனிமேல் சேர்க்கப்போவதை எழுதினேன். ஏசி, ரேடியேட்டருக்கு மின்விசிறி, ஹெட்லைட் ரிலே (டேஷ் சுவிட்ச் வழியாக இல்லாமல் விளக்குக்கு நேராகக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்). எல்லாவற்றுக்கும் மேலாக டேங்கை சீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து, தொட்டிக்கு அடியில் சேசிஸ் நடுவே வைப்பது. அப்படி வைத்தால் மின்சாரப் பெட்ரோல் பம்புக்கும், டேங்க் மீட்டருக்கும் வயர் பின்னால் வரை போக வேண்டும். அந்தப் புகை வந்த இரவுக்கு அப்புறம் இதை நான் தள்ளிப்போட விரும்பவில்லை.

இவ்வளவும் எழுதின பிறகு தேர்வு தானாகவே சுருங்கியது. ஒரு பக்கம், கலிஃபோர்னியாவில் இருக்கிற எம் அண்ட் ஹெச் போன்றவர்கள் செய்யும் ஒரிஜினல் நகல் ஹார்னஸ். அதே நிறம், அதே பிளக், அதே கண்ணாடி ஃபியூஸ் பெட்டி. மறுபக்கம், நியூ ஜெர்சியின் அமெரிக்கன் ஆட்டோவயர், டெக்சஸ் ஃபோர்ட் வொர்த்தின் பெயின்லெஸ் போன்றவர்கள் இந்த மாடலுக்கென்றே செய்யும் நவீன கிட். ஃபியூஸ் பெட்டி பழைய இடத்திலேயே உட்காரும், ஆனால் பிளேடு ஃபியூஸ், கூடுதல் சர்க்யூட்டுகள், வயரின் மேலேயே அது எங்கே போகிறது என்று அச்சு.

என் தெருவில் ஒரு பெரியவரிடம் இதே மாடல் பிக்கப்பில் 1972 ஷெயன் இருக்கிறது. ரேடியோகூட மாறாத வண்டி. அவர் ஒரிஜினல் நகலை வாங்கினார், ஒரே நாளில் சொருகி முடித்தார். அவர் வண்டிக்கு அதுதான் சரி. அதில் நவீன கிட் போட்டிருந்தால் எனக்கே மனசு கேட்டிருக்காது. என் வண்டியில் அதே ஹார்னஸைப் போட்டால் ஆல்டர்னேட்டருக்கு ஒரு வெட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு வெட்டு, ஏசிக்கு ஒரு வெட்டு என்று புதுச் சட்டையை முதல் நாளே கிழித்துத் தைப்பது மாதிரி ஆகும். அதனால் நான் மாடலுக்கென்று செய்த நவீன கிட்டையே வாங்கினேன். விலை அந்த யுனிவர்சல் கிட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

வாங்கும்போது நான் விட்டுக்கொடுக்காத விஷயம் வயர் நிறம். பிரவுன் என்றால் டெயில் லைட், இளம்பச்சை ஹை பீம், டேன் லோ பீம், மஞ்சள் இடது பின் இண்டிகேட்டர், கரும்பச்சை வலது பின், பர்ப்பிள் செல்ஃப். இந்த வரிசையைக் காப்பாற்றுகிற கிட்டாக இருந்தால், பத்து வருடம் கழித்து வண்டி யார் கைக்குப் போனாலும் ஷெவர்லே சர்வீஸ் புத்தகத்தின் வயரிங் படம் பெரும்பாலும் பயன்படும்.

சார்ஜிங் வயரின் தடிமனையும் பார்த்தேன். பழைய ஆல்டர்னேட்டர்கள் 37, 61 ஆம்பியர் என்று இருந்த காலத்து வயர் அது. ஏசியும் விசிறியும் வைத்து 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டால் அந்த வயர் சூடாகும். 6 கேஜ் போட்டேன். எண் குறையக் குறைய வயர் தடிமன் என்பது இங்குள்ள கணக்கு. ஃபியூசிபிள் லிங்க் (கரண்ட் அளவு மீறினால் தான் உருகி மற்ற வயரைக் காக்கும் துண்டு) போடுவதாக இருந்தால், அது காக்க வேண்டிய வயரைவிட நான்கு எண் மெலிதாக இருக்க வேண்டும்: 10 கேஜ் வயருக்கு 14 கேஜ் லிங்க். சாதாரண வயரை வெட்டி லிங்க் என்று போட்டுவிடாதீர்கள். உள்ளே கம்பி உருகினாலும் மேல்தோல் தீப்பிடிக்காதபடி செய்தது லிங்க்.

பழைய ஹார்னஸை ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி, போட்டோ எடுத்து, முழுதாகக் கழற்றி கராஜ் தரையில் வண்டி வடிவத்திலேயே பரப்பிவைத்தேன். புதியதை அதன் பக்கத்தில் விரித்தபோது எந்தக் கிளை எங்கே பிரிகிறது என்பது கண்ணாலேயே தெரிந்தது. நவீன கிட்டில் பல முனைகளை நாமே நீளம் பார்த்து வெட்டி, டெர்மினல் கடித்து, பிளக்கில் சொருக வேண்டும். அதற்கு நல்ல கிரிம்பிங் பிளையர் வாங்குங்கள். திறந்த வாய் டெர்மினலின் இரண்டு காதையும் உள்பக்கமாக மடித்து வயரைக் கவ்வுகிற, ராட்செட் வைத்தது. முதல் இருபதையும் கையால் இழுத்துப் பார்த்தேன். இரண்டு கழன்று வந்தன, மறுபடி கடித்தேன். சால்டர் வைக்கவில்லை. சால்டர் ஏறிய இடம் கம்பி மாதிரி விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் முறியும். மேலே சுற்ற, பசை இல்லாத பிவிசி டேப். பசை டேப் டெக்சஸ் வெயிலில் ஒரே கோடையில் பிசுபிசுத்துவிடும்.

எல்லாம் மாட்டி முடித்து பேட்டரி கொடுப்பதற்கு முன், மாமா சொல்லிக்கொடுத்த சீரியல் பல்ப். ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை கழற்றிவைத்த நெகட்டிவ் கேபிளில். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும்; வயர் தப்பிக்கும். இணைத்தேன். பல்ப் மங்கலாக எரிந்தது. நெஞ்சு திக்கென்றது. ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவினேன். மூன்றாவதில் அணைந்தது. அது கேபின் விளக்கின் ஃபியூஸ். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஃபியூஸைத் திரும்பப் போட்டு, கதவைச் சாத்தினேன். பல்ப் சுத்தமாக இருண்டது. அதற்கு அப்புறம்தான் கேபிளை நேராக மாட்டினேன்.

ஹெட்லைட்டை ரிலே வழியாகக் கொடுத்ததில், இன்ஜின் ஓடும்போது விளக்கு பிளக்கில் இப்போது 13.6 வோல்ட் இருக்கிறது. பல்ப் அதேதான். டெயில் லைட்டை எல்இடியாக மாற்றியவர்களுக்கு ஒன்று: பழைய ஃபிளாஷர் பல்ப் இழுக்கிற கரண்டில் சூடாகித்தான் விட்டு விட்டு எரியும். எல்இடிக்கு எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் வேண்டும்.

எர்த் விஷயத்தில் கொஞ்சம் சிரமப்பட்டேன். தொட்டி, பெயிண்ட் அடித்த சேசிஸ்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. டெயில் லைட்டுக்கு அந்தப் போல்ட்தான் எர்த். துரு ஏறினால், பிரேக் அழுத்தும்போது பார்க் லைட் மங்கும். இரண்டு டெயில் லைட்டுக்கும் தனி எர்த் வயர், சேசிஸிலிருந்து பேட்டரிக்கு ஒன்று, பேட்டரியிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தடித்த கேபிள், முன் விளக்குகளுக்கு இரண்டு என்று போட்டேன். போல்ட் உட்காரும் இடமெல்லாம் பெயிண்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன்.

ஆனாலும் ஒரு சின்னக் குறை மிஞ்சியது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் கால் அங்குலம் நகரும், அணைத்தால் திரும்ப வரும். இன்ஜின் சூடு விளக்குக்காக மாறாதே! சென்சரை மாற்றினேன், அதே கதை. மீட்டர் போர்டைக் கழற்றிப் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் மாமாவைக் கூப்பிட்டேன். முள் ஆடுவதைப் போனில் காட்டினேன்.

"எர்த் எங்கெங்க போட்டே?"

வரிசையாகச் சொன்னேன்.

"கேபினுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. கேபின் ரப்பர் புஷ்மேல் உட்கார்ந்திருக்கிறது. மீட்டர், ஹீட்டர், டேஷ் விளக்கு எல்லாம் எர்த் தேடி, ஸ்பீடோமீட்டர் கேபிள், ஆக்சிலரேட்டர் ராடு என்று கிடைத்த வழியில் இன்ஜினுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவுல ஒரு பட்டை போடு மாப்ள. பின்னல் பட்டை. ஆடுற இடம், சாதா வயர் வேண்டாம்."

மறுநாள் காலை சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து ஃபயர்வாலுக்கு ஒரு ஜாண் நீளச் செம்புப் பின்னல் பட்டையைப் போட்டேன். இன்ஜின் சூடேறும் வரை காத்திருந்து ஹெட்லைட்டைப் போட்டேன், ஹை பீம் போட்டேன், ஹீட்டர் விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். முள் நின்ற இடத்திலேயே நின்றது.